லினக்ஸில் கடவுச்சொல் எதைக் காக்கிறது?

2009 நவம்பர் 17 அன்று ஃபெடோரா லினக்ஸின் 12ஆம் பதிப்பு வெளியானது. ஓரிரு நாளிலேயே பயனர்கள் அதில் ஒரு மாற்றத்தைக் கண்டு அதிர்ந்தார்கள். தன் சாதாரணக் கணக்கில் நுழைந்த எவரும் புதிய மென்பொருளை நிறுவலாம். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கணினி கேட்காது. இதற்கு இரண்டே நிபந்தனைகள். மென்பொருள் ஏற்கெனவே பதிவான களஞ்சியத்திலிருந்து, முறையான டிஜிட்டல் கையொப்பத்துடன் வந்திருக்க வேண்டும். நிறுவுகிறவர் வலையமைப்பு வழியாக இணையாமல் நேரில் விசைப்பலகையின் முன் இருக்க வேண்டும். இவ்வளவு போதும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். போதாது என்று எழுந்த எதிர்ப்பில் சில நாட்களுக்குள் திட்டக்குழு பின்வாங்கியது. ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை மறுபடியும் கேட்கும்படி ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. இந்தச் சர்ச்சையை வசதிக்கும் பாதுகாப்புக்கும் இடையே நடந்த இழுபறி என்றே பலரும் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் கடவுச்சொல் கேட்பது எப்போதுமே பாதுகாப்பு, கேட்காமல் விடுவது எப்போதுமே சோம்பல் என்றாகிவிடும். மென்பொருள் பொதிகளை நிறுவும்போது கடவுச்சொல் உண்மையில் எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்காமல் விடுகிறது என்று பார்த்தால் வேறொரு முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. கடவுச்சொல், நிறுவுகிறவர் யார் என்று கேட்கிறது. ஆபத்தோ நிறுவப்படும் பொருளில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு நிறுவலுக்கும் அதைக் கேட்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை. நம்பிக்கையின் எல்லை விரியும் இடங்களில் மட்டும் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு மதிப்பு இருக்கும்.

இந்த ஏற்பாடு எந்தச் சூழலில் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வளர்ந்தபோது ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர். அவர் அனுமதித்தால்தான் பிறர் தொடலாம். இந்த விதி எதுவும் கட்டுப்படுத்தாத ஒரே கணக்கு ரூட். அதன் பயனர் எண் 0. சாதாரணப் பயனர் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளருடைய அதிகாரத்தில் ஒரு நிரல் இயங்கும்படி செய்யும் செட்யூஐடி என்ற குறியை, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டெனிஸ் ரிட்சி கண்டுபிடித்தார். 1979இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அதிகாரத்தை அளந்து கடன் கொடுக்கும் வழி இப்படித் திறந்தது. அந்த வழியில் வந்ததுதான் சூடோ. 1980ஆம் ஆண்டுவாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில், ஒரு வாக்ஸ் 11/750 கணினியில், பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் அதை எழுதினார்கள். துறையில் பலர் நிர்வாக வேலை பார்க்கும்போது ரூட் கடவுச்சொல்லை எல்லோருக்கும் சொல்லிவைக்க முடியாது. சூடோ அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அவரவர் தம் சொந்தக் கடவுச்சொல்லைத் தந்தால் போதும். இன்னார் இன்ன கட்டளையை மட்டும் ரூட்டாக இயக்கலாம் என்று பட்டியல் போடலாம். யார் என்ன செய்தார் என்பது பதிவேட்டில் நிற்கும். பலர் புழங்கும் இயந்திரத்துக்கு மிகப் பொருத்தமான கருவி அது. 2004 அக்டோபரில் வந்த உபுண்டுவின் முதல் பதிப்பு அதே கருவியைத் தனிநபர் கணினியின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. ரூட் கணக்கு பூட்டப்பட்டது. கணினியை அமைத்த முதல் பயனருக்கு சூடோ வழியாக முழு அதிகாரமும் கிடைத்தது. அதுவரை கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர். இப்போது இருவரும் ஒருவரே. கேள்வியின் வடிவம் மாறவில்லை. அதன் பொருள் மட்டும் ஏறத்தாழ முழுவதும் மாறிவிட்டது.

டெபியன் குடும்பத்து லினக்ஸ் ஒன்றில் முனையத்தைத் திறந்து சூடோ ஏப்ட் இன்ஸ்டால் என்று ஒரு மென்பொருளின் பெயரைத் தட்டினால் நடப்பவற்றைப் படிப்படியாகப் பார்க்கலாம். உபுண்டு, மின்ட் ஆகியவற்றோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்தக் குடும்பம்தான். முதலில் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. தட்டும் எழுத்து எதுவும் பெரும்பாலான பதிப்புகளில் திரையில் தெரியாது. சரியாக இருந்தால், பொதிகளை நிறுவும் கருவியான ஏப்ட் ரூட் அதிகாரத்துடன் எழுகிறது. அதற்குப் பிறகு கடவுச்சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. களஞ்சியத்தின் முகப்புக் கோப்பில் அதை வெளியிடுபவரின் கையொப்பம் இருக்கிறது; கணினியில் ஏற்கெனவே இருக்கும் பொதுச்சாவியால் ஏப்ட், பட்டியலைப் புதுப்பிக்கும்போதே, அதைச் சரிபார்த்துவிடுகிறது. அந்த முகப்புக் கோப்பில் பொதிப் பட்டியல்களின் ஹாஷ் எண்கள் இருக்கின்றன. பட்டியலில் ஒவ்வொரு பொதியின் ஹாஷ் எண்ணும் இருக்கிறது. வழியில் யாராவது ஒரே ஒரு பைட்டை மாற்றியிருந்தாலும் இந்தச் சங்கிலி அறுந்து நிறுவல் நின்றுவிடும். வந்து சேரும் டெப் கோப்பைப் பிரித்தால் உள்ளே இரண்டு முக்கியக் கட்டுகள் கிடைக்கும். ஒன்றில் கணினியில் பதிய வேண்டிய கோப்புகள். மற்றொன்றில் பொதியைப் பற்றிய விவரங்களும், நிறுவுவதற்கு முன்னும் பின்னும் அகற்றுவதற்கு முன்னும் பின்னும் ஓட வேண்டிய சிறு நிரல்களும். இந்தச் சிறு நிரல்கள் ரூட்டாகவே ஓடுகின்றன. புதிய பயனர் கணக்கை உருவாக்கலாம், சேவையைத் தொடங்கலாம், எந்தக் கோப்பையும் அழிக்கலாம். அவற்றைத் தடுக்கும் வேலி எதுவும் கிடையாது. நாம் ஒரு மென்பொருளை நிறுவுகிறோம் என்று நினைக்கும் தருணத்தில், முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு நம் கணினியின் முழு அதிகாரத்தையும் சில விநாடிகள் ஒப்படைக்கிறோம். கடவுச்சொல் அந்த நிரலின் ஒரு வரியையும் பார்ப்பதில்லை. வாசற்காவலர் வீட்டுக்காரரின் முகத்தை உற்றுப் பார்த்து உறுதி செய்துவிட்டு, அவர் தலையில் இருக்கும் மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் உள்ளே அனுப்புவது போன்றது இது.

அந்த மூட்டையில் என்ன இருக்கக்கூடும் என்பதை 2011இல் நடந்த ஒரு விபத்து காட்டியது. இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் உள்ள மடிக்கணினிகளுக்காகப் பம்பிள்பீ என்ற மென்பொருளைத் தன்னார்வலர்கள் உருவாக்கி வந்தார்கள். அதன் நிறுவல் நிரலில் பழைய கோப்புறை ஒன்றை அழிக்கும் வரி இருந்தது. அந்தக் கோப்புறையின் முகவரியில் யூஎஸ்ஆர் என்ற பகுதிக்குப் பிறகு தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கணினியின் கண்ணுக்கு அது ஒரு முகவரி அல்ல, இரண்டு. முதலாவது யூஎஸ்ஆர் கோப்புறை முழுவதும். நிறுவியவர்களின் கணினியில் பெரும்பாலான நிரல்கள் நொடிகளில் மறைந்தன. அவர்கள் எல்லோரும் உரிய அதிகாரம் உள்ளவர்கள். எல்லோரும் சரியான கடவுச்சொல்லைத்தான் தந்தார்கள். கடவுச்சொல் தன் வேலையைப் பிசகில்லாமல் செய்தும் கணினி போயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில், இதே உண்மையைப் பெருந்திரளான மக்கள் காணொளியில் பார்த்தார்கள். யூடியூபில் புகழ்பெற்ற லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தை நிறுவ முயன்றார். வரைகலைக் கடை மறுத்துவிட்டது. முனையத்துக்குப் போய் சூடோவுடன் அதே கட்டளையைக் கொடுத்தார். அன்றைக்குக் களஞ்சியத்தில் இருந்த ஒரு சார்புநிலைப் பிழையால், ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் திரைச்சூழல் முழுவதையும் அகற்ற வேண்டும் என்று ஏப்ட் கணக்குப் போட்டது. எச்சரிக்கை நீளமாக வந்தது. தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொல்கிறபடி செய்' என்ற பொருளில் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். திரைச்சூழல் போய்விட்டது. இதை அவருடைய அவசரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஸ்டீம் போன்ற ஒன்றை நிறுவும்போதெல்லாம் கடவுச்சொல்லும் கேள்விகளும் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றால்தான் வேலை நடக்கிறது. அப்படிப் பழகிய கை, உண்மையான ஆபத்து வரும்போதும் அதே ஆம் என்பதைத்தான் தட்டும். ஏப்டை உருவாக்குபவர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். அந்த மாதமே வந்த 2.3.12 பதிப்பில் அந்த வாக்கியத்தைத் தட்டித் தாண்டும் வழியையே எடுத்துவிட்டார்கள். இன்றியமையாப் பொதிகளை நீக்கியே தீர வேண்டும் என்பவர் கட்டளையிலேயே அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

கடவுச்சொல் தீம்பொருளைத் தடுக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, பதிலில் ஒரு பகுதி ஆம் என்பதுதான். உலாவியின் ஓட்டை வழியாக ஒரு தீய நிரல் உங்கள் கணக்கில் நுழைந்துவிட்டால், ரூட் அதிகாரம் இல்லாமல் அது இயக்கமுறைமையின் கருவையோ பிற பயனர்களின் கோப்புகளையோ தொட முடியாது. அந்தச் சுவர் உண்மையானது, தேவையானது. ஆனால் சுவர் வேறு, அதில் உள்ள கதவைத் திறக்க நாம் தட்டும் சொல் வேறு. உங்கள் கணக்கில் குடியேறிவிட்ட நிரல் உங்கள் ஷெல் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, சூடோ என்ற பெயரில் ஒரு போலியை வைத்துவிட முடியும். அடுத்த முறை பொதி நிறுவ நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டும்போது அதை வாங்கிக்கொள்வது அந்தப் போலிதான். ஒரு முறை சரியான கடவுச்சொல் தந்தால், உபுண்டுவில் வழக்கமாக 15 நிமிடத்துக்கு அதே முனையத்தில் சூடோ மறுபடி கேட்பதில்லை. அந்த இடைவெளியும் வாய்ப்புதான். எத்தனை முறை அதிகமாகக் கடவுச்சொல் கேட்கப்படுகிறதோ அத்தனை முறை அது திருடுபோக வாய்ப்பும் கிடைக்கிறது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தனிநபர் கணினியில் விலைமதிப்புள்ளவை பெரும்பாலும் ரூட்டின் வசம் இல்லை. கடிதங்கள், படங்கள், உலாவியில் சேமித்த வங்கி நுழைவுகள் எல்லாம் சாதாரணப் பயனரின் கோப்புறையில் இருக்கின்றன. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீமின் தொடக்க நிரலில் ஒரு பிழை வெளிப்பட்டது. ஒரு மாறி வெறுமையாக இருந்தால், தன் கோப்புறையை அழிக்க வேண்டிய கட்டளை வட்டின் வேரிலிருந்தே அழிக்கத் தொடங்கியது. ரூட்டுக்குச் சொந்தமானவை தப்பின. இயக்கமுறைமையை ஒரு மணி நேரத்தில் மறுபடி நிறுவிவிடலாம். பயனரின் சொந்தக் கோப்புகளும் இணைத்து வைத்திருந்த காப்பு வட்டும்தான் போயின.

2009இல் ஃபெடோராவை எதிர்த்தவர்களின் வாதம் இந்தத் தீம்பொருள் வாதத்தைவிட வலுவானது. கல்லூரி ஆய்வகத்தில், அலுவலகத்தில், ஒரு கணினியைப் பலர் பயன்படுத்தும்போது யார் வேண்டுமானாலும் பொதியை நிறுவலாம் என்றால் என்ன ஆகும்? கையொப்பம் இருப்பதாலேயே ஒரு பொதி தீங்கற்றதாகிவிடாது. களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான நேர்மையான பொதிகள் இருக்கின்றன; அவற்றில் சில வலைச் சேவைகள், சில செட்யூஐடி குறியுடன் ரூட்டாக இயங்குபவை. தனக்கு ரூட் அதிகாரம் வேண்டும் என்று நினைக்கும் மாணவர், பிழை இருப்பதாகத் தெரிந்த செட்யூஐடி நிரல் ஒன்றைத் தேடி நிறுவிக்கொண்டு அதன் வழியே உயரலாம். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. இந்த வகை நிரல்களில் மிக அதிகம் சோதிக்கப்பட்டவற்றில் ஒன்று சூடோ. அதிலேயே 2011 ஜூலையில் நுழைந்த ஒரு பிழை பத்தாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்களால் வெளிவந்தது. கடவுச்சொல் தெரியாத எந்தப் பயனரும் அதைக்கொண்டு ரூட் ஆகலாம். சரியாக ஓராண்டு கழித்து, வரைகலைச் சூழலில் நிர்வாக அனுமதியைக் கையாளும் போல்கிட்டின் பிகேஎக்செக் நிரலிலும் அதே ஆய்வாளர்கள் அதே தன்மையுள்ள பிழையைக் கண்டார்கள். அது 2009 மே மாதம், அந்த நிரலின் முதல் பதிப்பிலிருந்தே இருந்தது. கடவுச்சொல் கேட்பதற்காகவே எழுதிய இரண்டு நிரல்கள் கடவுச்சொல்லைத் தாண்டும் வழியாக இருந்திருக்கின்றன. ஆகவே நிறுவும் உரிமையை எல்லாக் கணக்குக்கும் கொடுத்தது தவறு என்று எதிர்த்தவர்கள் சொன்னதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தீர்வு ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்பதுதான் என்ற அடுத்த அடியைத்தான் ஏற்க முடியவில்லை. ஆய்வகத்தில் வேண்டியது யார் நிறுவலாம் என்ற பட்டியல். அதில் பெயர் உள்ளவரை மணிக்கொரு முறை நீ நீதானா என்று கேட்பது வேறு விஷயம். பிற்பாடு ஃபெடோராவே இந்த வேறுபாட்டுக்கு வந்து சேர்ந்தது. நிர்வாகிகளுக்கான வீல் குழுவில் இருப்பவர், நேரில் கணினி முன் இருந்தால், கையொப்பமிட்ட பொதியை மென்பொருள் கடையிலிருந்து கடவுச்சொல் இல்லாமலே நிறுவலாம் என்ற விதி அதில் இருக்கிறது. குழுவில் இல்லாதவருக்கு அந்த உரிமை இல்லை. முதல் முயற்சியில் விடுபட்டது இந்தக் குழு நிபந்தனைதான்.

கேள்வி அதிகமானால் என்ன நடக்கும் என்பதற்கு 2012 பிப்ரவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே சாட்சி சொன்னார். ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் தன் இயல்பான அமைப்பில் புதிய வைஃபை இணைப்புக்கும், நேர மண்டலத்தை மாற்றுவதற்கும், அச்சுப்பொறியைச் சேர்ப்பதற்கும் ரூட் கடவுச்சொல் கேட்டது. பள்ளி அச்சுப்பொறியைத் தன் மடிக்கணினியில் சேர்க்க முடியாமல் மகள் பள்ளியிலிருந்து அழைத்ததை அவர் கடும் கோபத்துடன் எழுதினார். அவருடைய சொற்கள் எல்லை மீறின என்று பலர் வருந்தினார்கள். நானும் அந்தச் சொற்களை ஆதரிக்க மாட்டேன். வாதம் மட்டும் சரியானது. அச்சுப்பொறிக்காக ஒரு பள்ளி மாணவியிடம் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டால், அந்தக் கடவுச்சொல் விரைவில் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடும். மட்டுமீறிய கண்டிப்பு இப்படித்தான் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

கடவுச்சொல் தொல்லையிலிருந்து தப்ப பலர் தேர்ந்தெடுக்கும் குறுக்குவழி, நான் சொல்வதைப்போலவே தோற்றம் தருவது; உண்மையில் நேர் எதிரானது. சூடோவின் அமைப்புக் கோப்பில் நோபாஸ்வேர்டு என்று எழுதி, ஏப்ட் கட்டளைக்கு மட்டும் கடவுச்சொல் வேண்டாம் என்று விலக்குத் தருகிறார்கள். பொதி நிறுவுவதற்குத்தானே என்று நினைக்கிறார்கள். ஏப்ட் நிறுவுவதற்கு மட்டுமான கருவி அல்ல. இயங்குவதற்கு முன்பாக எந்தக் கட்டளையையும் ஓட்டு என்று அதற்கே ஒரு விருப்பத்தேர்வின் வழியாகச் சொல்லலாம். ஒரு பொதியின் மாற்றக் குறிப்பைக் காட்டச் சொன்னால் திறக்கும் வாசிப்பு நிரலிலிருந்து ரூட் ஷெல்லுக்கே தாவலாம். உள்ளூரில் தயாரித்த எந்த டெப் கோப்பையும் அதனிடம் கொடுத்து, உள்ளிருக்கும் சிறு நிரலை ரூட்டாக ஓட்டலாம். ஏப்டுக்குக் கடவுச்சொல் வேண்டாம் என்றால் ரூட்டுக்கே கடவுச்சொல் வேண்டாம் என்றுதான் பொருள். ஃபெடோராவின் விதி வேறு வகை. அங்கே பயனர் கேட்பது ஒரு பொதியின் பெயரை மட்டும். களஞ்சியம் எது, கையொப்பம் சரியா, எந்த விருப்பத்தேர்வுடன் ஓட்டுவது என்பதையெல்லாம் பின்னணியில் ரூட்டாக இயங்கும் பேக்கேஜ்கிட் சேவை தானே முடிவு செய்கிறது. பயனரின் கையில் கருவி போவதே இல்லை. சூடோ முழுக் கட்டளையையும் தூக்கிக் கொடுக்கிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் இந்த விவாதம் இவ்வளவு காலம் ஒரே இடத்தில் சுற்றுகிறது.

அப்படியானால் எல்லாப் பாரத்தையும் கையொப்பத்தின் மேல் ஏற்றுகிறாயே, கையொப்பமே ஏமாற்றினால் என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. 2024 மார்ச் 29க்குப் பிறகு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் பராமரிப்பில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒரு முகமற்ற ஆள், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்றை ஒளித்துவைத்தார். டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகத் தொகுக்கப்படும்போது மட்டுமே அது உள்ளே சேரும்படி அமைந்திருந்தது. பொதி அமைப்பையே குறிவைத்துச் செய்த வேலை. டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவின் வளர்ச்சிக் கிளைக்கும் முறையான கையொப்பத்துடனேயே அது போய்ச் சேர்ந்தது. அதைப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர். எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவுச் சேவையில் நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவது அவருக்கு உறுத்தியது. காரணத்தைத் தேடிப் போனார். கையொப்பம், இது இன்னார் அனுப்பியது, வழியில் மாறவில்லை என்பதை மட்டும் சொல்லும். நல்லது என்று சொல்லாது. இதை மறுக்க வழியே இல்லை. ஆனால் அந்தப் பொதியை நிறுவிய ஒவ்வொருவரும் கடவுச்சொல் தந்திருந்தாலும் பின்கதவு ஓர் அணு அளவும் தடைப்பட்டிருக்காது. உபுண்டு பாதுகாப்புப் புதுப்பிப்புகளை யாரிடமும் எதுவும் கேட்காமல் பின்னணியில் ரூட்டாக நிறுவுகிறது. அதை இன்று யாரும் எதிர்ப்பதில்லை, எதிர்க்கவும் கூடாது. ஓட்டையை உடனே அடைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு, கேள்வி கேட்டுக் காத்திருப்பதால் கிடைப்பதைவிடப் பெரியது. எக்ஸ்இசட்டில் உலகத்தைக் காத்தவை இரண்டு. நிலையான பதிப்புக்குள் போகும் முன் பொதியைச் சோதனைக் கிளையில் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு ஒன்று. மூல நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்தது இன்னொன்று. மேலும் பாதுகாப்பு வேண்டுமென்றால் அந்த இரண்டிலும்தான் உழைப்பைப் போட வேண்டும், அவற்றைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்குத் துணையாக நிற்க வேண்டும்.

கடவுச்சொல்லைக் கேட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. புதிய களஞ்சியத்தைச் சேர்ப்பது அவற்றில் முதன்மையானது. ஒரு பொதியை நிறுவும்போது ஒரு நிரலை நம்புகிறோம். களஞ்சியத்தைச் சேர்க்கும்போது அதை நடத்துபவர் இனி எப்போது எதை அனுப்பினாலும் நம்புவதாக ஒப்புக்கொள்கிறோம். கூகுள் குரோமின் டெப் கோப்பைத் தரவிறக்கி நிறுவினால், அதன் நிறுவல் நிரல் கூகுளின் களஞ்சியத்தையும் சாவியையும் கணினியில் சேர்த்துவிடுகிறது. உலாவிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தொடர்ந்து வர இது தேவைதான், காரணமும் நல்லதுதான். ஆனாலும் பயனர் கொடுத்த ஒரே கடவுச்சொல் இரண்டு முடிவுகளுக்கு ஒப்புதலாகிவிட்டது. இரண்டாவது முடிவை அவர் பார்க்கவே இல்லை. நெடுங்காலம் ஏப்ட்-கீ என்ற கட்டளையால் சேர்த்த சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியானது. ஒரு சிறிய மென்பொருளுக்காகச் சேர்த்த சாவியைக் கொண்டு டெபியனின் பெயரிலேயே ஒரு பொதியைக் கையொப்பமிட முடியும் என்ற நிலை. இப்போது அந்தக் கட்டளை கைவிடப்பட்டு, இந்தச் சாவி இந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் என்று வரையறுத்து எழுதும் முறை வந்திருக்கிறது. இணையப் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, ஒரு நிரலைத் தரவிறக்கி நேரே சூடோவுக்குள் ஊற்றும் பழக்கமும் இதே வகை. அங்கே கையொப்பமும் இல்லை, களஞ்சியமும் இல்லை. பைத்தான் நிரல்களை சூடோவுடன் பிப் வழியாக நிறுவுவதும் அப்படியே. யார் வேண்டுமானாலும் பதிவேற்றக்கூடிய பைபிஐ தளத்தின் நிரல் ரூட்டாக ஓடுவதோடு, இயக்கமுறைமை நம்பியிருக்கும் பைத்தான் கோப்புகளையும் மேலெழுதிவிடலாம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இந்த வழியை அடைத்தது. கணினியின் பொதுப் பைத்தானில் பிப் கொண்டு நிறுவப் போனால் அது மறுத்து, தனிச் சூழலை உருவாக்கச் சொல்கிறது. கற்றுக்கொள்ளும் மாணவர்கள் பலருக்கு இது எரிச்சலைத் தந்தது உண்மை. ஆனால் கடவுச்சொல் கேட்டுவிட்டு எதையும் செய்ய விடுவதைவிட இது ஆயிரம் மடங்கு நேர்மையான தடை. ஏன் தடுக்கிறேன், என்ன செய்யலாம் என்று அது வாய்விட்டுச் சொல்கிறது.

பேக்கேஜ்கிட்டின் விதிகளைப் பார்த்தால் இந்த வேறுபாடுகள் ஏற்கெனவே தனித்தனிச் செயல்களாகப் பிரிக்கப்பட்டிருப்பது தெரியும். கையொப்பமிட்ட பொதியை நிறுவுவது ஒன்று, நம்பகமற்ற பொதியை நிறுவுவது வேறொன்று. களஞ்சியத்தை மாற்றுவது, புதிய சாவியை நம்புவது, பொதியை அகற்றுவது எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் யாரிடம் கேட்பது, கேட்க வேண்டுமா வேண்டாமா என்று நிர்வாகி முடிவு செய்யலாம். முனையத்தில் வாழும் நாம் சூடோ ஏப்ட் என்ற ஒரே வாசலில் இவை எல்லாவற்றையும் போட்டு, ஒரே கடவுச்சொல்லால் திறக்கிறோம். அந்த வாசலில் தட்டும் நேரம், எதற்காகத் தட்டுகிறோம் என்ற வேறுபாட்டைக் கையும் மறந்துவிடுகிறது, கருவியும் காட்டுவதில்லை. ஏப்ட் போன்ற முனையக் கருவிகளும் இந்தப் பிரிவுகளை ஏற்க வேண்டும். சாவியோ களஞ்சியமோ சேரும்போது அதன் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இதற்கும் அடுத்த படி, நிறுவுவதற்கு ரூட்டே தேவையில்லாமல் செய்வது. ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் ஆய்வேட்டில் வளர்த்த நிக்ஸ் முறையில், ஒவ்வொரு பொதியும் தன் ஹாஷ் எண் தாங்கிய தனிக் கோப்புறையில் குடியிருக்கிறது; ஒன்று இன்னொன்றை மேலெழுத வழியில்லை. சாதாரணப் பயனர் தனக்கென்று நிறுவிக்கொள்ளலாம். ரூட்டாக ஓடும் நிறுவல் நிரல் என்ற ஒன்றே அங்கே இல்லை. செட்யூஐடி குறியுள்ள கோப்புகளுக்கும் அந்தக் கிடங்கில் இடமில்லை. 2009இல் ஃபெடோராவை எதிர்த்தவர்கள் அஞ்சிய வலைச் சேவை, செட்யூஐடி நிரல் என்ற இரண்டு வழிகளும் இதனால் அடைபடுகின்றன. ஃப்ளாட்பேக் என்ற பொதி முறையும் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே செயலியை நிறுவ விடுகிறது, அந்தச் செயலி எதைத் தொடலாம் என்றும் வரையறுக்கிறது. ஆனால் வீட்டுக் கோப்புறை முழுவதையும் கேட்கும் செயலிகள் அதில் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்த அனுமதியை நிறுவும் முன் படித்துப் பார்ப்பதற்குச் செலவிடும் ஒரு நிமிடம், கடவுச்சொல்லைத் தட்டுவதைவிட அதிகம் காக்கும். கருவும், சாதன இயக்கிகளும், எஸ்எஸ்எச் போன்ற அடிப்படைச் சேவைகளும் இந்த வழிகளுக்குள் அடங்காமல் ரூட்டிடமே இருக்கும்.